பாட்டில் டாக்டரம்மாவும் ஏழேகால் போட்டும்

உலகம் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை, ஆண்பிள்ளையின் குறையால் பிள்ளையில்லாமல் போன வீடு ஒன்றுகூடக் கிடையாது.

இதை எங்கள் ராஜமாணிக்கம் அண்ணன் 1973 ஜனவரியில், அந்தமானில் பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தாமுக்குப் போகும் காலை ஏழேகால் போட்டில், எஞ்சின் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றி அறிவித்தார். போட்டில் அறுபது ஆண்கள் இருந்தோம். யாரும் மறுக்கவில்லை. பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

நான் அப்போது அரசுக் கல்லூரியில் சரித்திரம் இரண்டாம் வருஷம். உலகம் தோன்றிய நாள் என்றால் அது என் பாடத்தில் வருகிறது. ஆகவே கேட்டேன்.

"ஆதாரம் இருக்காண்ணே?"

"ஆதாரம் நான்தாண்டா காலேஜு," என்றார்.

அவருக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். பிள்ளை இல்லை. எதற்கு ஆதாரம் என்று நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

அண்ணன் சாத்தாம் மர மில்லில் மேஸ்திரி. படௌக் மரத்தை ஒரு தட்டு தட்டி, உள்ளே சொத்தையா நல்லதா என்று சொல்லிவிடுவார். சொன்னது தப்பியதில்லை. அந்தக் காதை நம்பி ஊரில் அவர் மற்ற விஷயங்களிலும் தீர்ப்பு சொல்லிவந்தார். அன்றைய தீர்ப்பு போட்டின் ஓரத்தில் நின்ற ஒரு மனிதரைக் குறிவைத்தது. அந்த மனிதர் வலது கையை விலாவோடு சேர்த்து ஒட்டி, கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைக்குள்ளே, கக்கத்தில், ஒரு சின்ன பாட்டில் இருந்தது. எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

ஜங்லிகாட்டில் டாக்டர் சந்திரமதி கிளினிக் நடத்திவந்தார். பிள்ளையில்லாதவர்களுக்கு மட்டுமான கிளினிக். வாசலில் இந்தியிலும் தமிழிலும் பெங்காலியிலும் ஒரு போர்டு: 'கணவரின் பரிசோதனை முடியாமல் மனைவியைப் பார்க்கமாட்டோம்.' கிளினிக் மொத்தமே இரண்டு அறை. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சைக்கிள் கடை. பங்க்சர் ஒட்டுகிறவன் இருமுவதுகூடக் கேட்கும். அந்தச் சூழ்நிலையில் பரிசோதனைக்கு வேண்டியதைக் கொடுக்க எந்த ஆணாலும் முடியவில்லை. ஆகவே டாக்டரம்மா கொதிக்க வைத்த பாட்டிலைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கொண்டு வரும்போது ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும், உடம்புச் சூடு குறையக் கூடாது, கக்கம்தான் அதற்கு இடம். போட்டில் கால் மணி, பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பத்து நிமிஷம், பஸ் இருபது நிமிஷம். பாம்பூஃப்ளாட்காரர்களுக்கு ஏழேகாலை விட்டால் வேறு போட் ஒத்துவராது.

ராஜமாணிக்கம் அண்ணன் ஒரு பரிசோதனை வைத்திருந்தார். சந்தேகப்படும்படி யாராவது நின்றால், "தம்பி, பிடி," என்று ஒரு தேங்காயை எறிவார். ரெண்டு கையையும் நீட்டிப் பிடித்தவன் ஆம்பிளை. ஒரு கையை மட்டும் நீட்டினவன் டாக்டரம்மா பேஷண்ட். மீன்பிடிக்கிற அருள்நாதன் ஒற்றைக் கையால் பிடிக்கப் பார்த்ததில் தேங்காய் கடலுக்குப் போனது. அருள்நாதன் அதன் பின்னாலேயே போயிருப்பார். நாங்கள்தான் இழுத்துப் பிடித்தோம். நானும் சிரித்தேன். சிரிக்காதவனுக்கு அடுத்த தேங்காய் வரும்.

டாக்டரம்மா பாளையங்கோட்டைக்காரர். 1956-ல் அரசாங்க டாக்டராகக் கப்பல் ஏறி வந்தவர். காட்டை வெட்டிக் குடியேற்றம் நடந்துகொண்டிருந்த நடு அந்தமானில், தார்ப்பாய்க்குக் கீழே ஆஸ்பத்திரி. அங்கே ஒருவன் மனைவியைக் கூட்டிவந்து, பிள்ளையில்லை, சரிபண்ணுங்க என்று விட்டுவிட்டுப் போனான். ரெண்டு வருஷம் கழித்து இன்னொரு மனைவியோடு வந்தான். அப்புறம் மூன்றாவதாக ஒருத்தியோடு. டாக்டரம்மாவிடம் கம்பவுண்டராக இருந்த கஸ்பார் எங்கள் ஊர்க்காரர், முன்னாள் கப்பல்காரர். இந்தக் கதையை அவர் டாக்டரம்மா சொன்ன மாதிரியே சொல்வார்.

"மூணாவது பொண்ணு வந்து உட்கார்ந்தப்போதான் எனக்குப் புத்தி வந்துச்சு கஸ்பாரு. வயலை மூணு தடவை மாத்திட்டான், விதையை ஒருத்தரும் பார்க்கல. நானும் பார்க்கல. முதல் ரெண்டு பேருக்கும் வயித்தைக் கிழிச்சுத் தச்சது நான்தான். அந்தத் தையல் எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கே தெரியாது."

அதற்குப் பிறகு கல்கத்தாவிலிருந்து ஒரு மைக்ராஸ்கோப் தருவித்தார். லீவு போட்டு பம்பாயில் ஒரு வருஷம் இந்த வித்தையை மட்டும் கற்றுவந்தார். மேலதிகாரிகள் குழம்பிப் போனார்கள். தேசமே பிள்ளையைக் குறை என்கிறபோது இந்தம்மா கூட்டுகிறேன் என்கிறாரே. இதற்கென்று தனி அறை கிடையாது என்றார்கள். வேலையை விட்டுவிட்டு ஜங்லிகாட்டில் பலகையடித்து, தானே ரெண்டு அறை கட்டிக்கொண்டார். ஆணின் உயிரணு குறைவாக இருந்தால், சரியான நாள் பார்த்து, அவனுடையதையே ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து மனைவிக்குள் வைக்கிற வேலையை அந்தப் பலகை அறையில்தான் செய்தார்.

அருள்நாதனுக்கும் அமுதத்துக்கும் பெண் குழந்தை பிறந்தது அப்படித்தான். கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் ஒன்றும் கேட்கவில்லை. இவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. போட்டில் மட்டும் கேட்டார்கள்.

"பாட்டில் பிள்ளை சௌக்கியமா?" என்றார் ராஜமாணிக்கம் அண்ணன்.

அமுதம் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு சொன்னாள்: "சௌக்கியம் மேஸ்திரி. பாட்டில்லயாவது ஒண்ணு வந்துச்சு. உங்க வீட்டுல தேங்காய்தான் வருதாமே."

போட் முழுக்கச் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. அந்த வாரமே மனு தயாரானது. முப்பத்தொரு ஆண்கள் கையெழுத்து. மூன்று குற்றச்சாட்டு: டாக்டரம்மாவின் போர்டு ஆண்குலத்தை அவமதிக்கிறது, அந்த மைக்ராஸ்கோப்பில் அவர் நினைத்ததுதான் தெரிகிறது, நாட்டின் ஜனத்தொகைக் கொள்கைக்கு அவர் விரோதி.

ஒரு அதிகாரி மனுவோடு கிளினிக்குக்கு வந்தார். பேச்சு இந்தியில் நடந்தது. கஸ்பார் எங்களுக்குத் தமிழில் கொண்டுவந்தார்.

"மேடம், போர்டை எடுத்துடுங்க. ஜனங்க மனசு புண்படுது."

"எந்த ஜனங்க?"

"ஆம்பளைங்கதான்."

"பொம்பளைங்க மனு ஏதும் வந்துச்சா?"

"இல்ல."

"அப்போ பாதி ஜனம்தான். பாதி போர்டை எடுக்கறேன். 'கணவரின் பரிசோதனை முடியாமல்' வேணுமா, 'மனைவியைப் பார்க்கமாட்டோம்' வேணுமா, சொல்லுங்க."

அதிகாரி தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். டாக்டரம்மா அவருக்கு டீ வரவழைத்து, மெதுவாகச் சொன்னாராம்: "பாருங்க சாகிப். ஆம்பளையைப் பார்க்கறதுக்கு ஒரு பாட்டில் போதும், வலிக்காது. பொம்பளையைப் பார்க்கணும்னா மயக்க மருந்து வேணும், கத்தி வேணும். வலிக்காததை முதல்ல பார்க்கறேன். இது அவமானம்னா, கத்தி மட்டும் மரியாதையா?"

அடுத்த வாரம் போர்டில் தெலுங்கும் மலையாளமும் சேர்ந்திருந்தன.

எங்கள் வீட்டுக்கும் ராஜமாணிக்கம் அண்ணன் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைப் பலகைச் சுவர். இப்படிப்பட்ட குவார்ட்டர்ஸில் ரேடியோ வாங்குவது வீண். விசாலாட்சி அக்கா, அதாவது அவர் மனைவி, அதிகம் பேசமாட்டார். நாத்தனார் கூப்பிட்டாள் என்று ரெண்டு தடவை மெட்ராஸ் போனார். ரெண்டு தடவையும் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து என்னவோ செய்து அனுப்பினார்கள். ரெண்டு தடவையும், "உன்கிட்ட ஒண்ணும் தெரியல, கடவுளை நம்பு," என்றார்கள். மூன்றாவது தடவைக்குப் பதிலாக அக்கா பிப்ரவரி மாதம் ஒருநாள் தனியாக ஜங்லிகாட் போனார். கையில் பாட்டிலோடு திரும்பினார்.

அதே வாரம் அண்ணனுக்கு ஊரிலிருந்து அவருடைய அக்காவின் கடிதம் வந்தது. அன்று சாயங்காலம் பலகைக்கு அந்தப் பக்கம்:

"அக்கா லெட்டர் போட்டிருக்கு."

"படிச்சேன்."

"உன்னை யாரு படிக்கச் சொன்னது?"

"என்னைப் பத்தித்தானே எழுதியிருக்கு. பொண்ணு பார்த்தாச்சு, விசாலாட்சிகிட்ட சம்மதக் கையெழுத்து வாங்கிக்கிட்டு அடுத்த கப்பல்ல வான்னு."

"கவர்மென்ட் உத்தியோகம். ரெண்டாவது கட்டினா ஆபீசுல கேள்வி வரும். நீ ஒரு கையெழுத்து போட்டுட்டா ஒண்ணுமில்ல. உன்னை என்ன தள்ளியா வைக்கப்போறேன்? ராணி மாதிரி இருப்ப."

"எங்க இருப்பேன்?"

"இங்கதான்."

"அடுப்படியிலயா, கட்டில்லயா?"

எங்கள் பக்கத்தில் அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். அந்தக் கையெழுத்துக்குச் சட்டத்தில் மதிப்பு கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனால் சட்டமும் எங்கள் ஊருக்குக் கப்பலில்தான் வர வேண்டும், அதற்கு டிக்கெட் கிடைப்பதில்லை. அப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுப்படியில் ராணியாக இருந்தவர்கள் எங்கள் வரிசையிலேயே ரெண்டு பேர்.

"கையெழுத்துதானே, போடறேன்," என்றார் அக்கா. "அந்த பாட்டிலைக் கொண்டுபோய்க் குடுங்க. உங்ககிட்ட குறையில்லைன்னு டாக்டரம்மா சொல்லட்டும். அந்த நிமிஷமே போடறேன். பொண்ணுக்குப் புடவையும் நானே எடுக்கறேன்."

"எங்க வம்சத்துல எவனும் பாட்டில் தொட்டதில்ல."

"உங்க சித்தப்பா தொட்டது பூரா என்ன, கமண்டலமா?"

தினமும் காலையில் அந்த பாட்டில் அண்ணனின் சவரப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும். அவர் அதைத் தொடாமல் சவரம் செய்வார். சாயங்காலம் அக்கா அதை மறுபடி கொதிக்க வைப்பார். மார்ச் எட்டாம் தேதி வியாழக்கிழமை ஹேடோ துறைமுகத்திலிருந்து மெட்ராஸ் கப்பல். அண்ணனின் டிக்கெட் சுவரில் காலண்டர் ஆணியில் தொங்கியது. பன்னிரண்டு நாள் இப்படி நடந்தது. பதிமூன்றாம் நாள் அண்ணன், "டீக் ஹை, சரி, குடுத்துத் தொலைக்கறேன்," என்றார். எங்கள் பக்கத்தில் அப்பா நம்பவில்லை.

அடுத்த நாள் ஏழேகால் போட்டில் ராஜமாணிக்கம் அண்ணன் ரெண்டு கையையும் வீசி நடந்து வந்து, நடுவில் நின்று வெற்றிலை போட்டார். அவருக்குப் பின்னால் மில்லில் கிரேன் ஓட்டுகிற குழந்தைவேலு நின்றார். வலது கை விலாவோடு ஒட்டியிருந்தது.

"என்னாச்சு மாமா?" என்று கேட்டேன்.

"வாதம்," என்றார். முகம் வெளுத்திருந்தது.

குழந்தைவேலுவுக்கு ஐந்து பிள்ளைகள், அதில் நான்கு ஆண். அவரை நோக்கித் தேங்காய் எறிய யாருக்கும் தோன்றாது.

அன்று ஜங்லிகாட்டில் ராஜமாணிக்கம் அண்ணன் நெஞ்சை நிமிர்த்தி நடந்து போய், கஸ்பாரின் மேஜைமேல் பாட்டிலை ஆணியடிக்கிற மாதிரி வைத்தாராம். "எழுதிக்க. ராஜமாணிக்கம், த/பெ உலகநாதன்."

மூன்றாம் நாள் டாக்டரம்மா புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரையும் கூப்பிட்டனுப்பினார். அங்கே நடந்ததை அக்கா என் அம்மாவிடம் சொன்னார். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"ஒண்ணுகூட இல்ல, மேஸ்திரி."

"என்ன ஒண்ணுகூட?"

"உயிரணு. ஒரு பொட்டு இல்ல. இது குத்தம் இல்ல, வெட்கமும் இல்ல. உங்க மீசைக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனா ஒரு தடவை பார்த்துட்டு நான் யாரையும் முடிவா சொல்றதில்ல. இன்னொரு பாட்டில் கொண்டாங்க. மருந்து இருக்கா, வேற வழி இருக்கா, அப்புறம் பேசலாம். இவங்களுக்கு ரெண்டு தடவை மயக்க மருந்து குடுத்தப்போ யாராவது உங்களை ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

 ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்து, விளக்கேற்றியதும், பலகைக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது. அழுகையாக இருக்கும் என்று நினைத்தோம். சிரிப்பு.

"விசாலம், அது என்னோடது இல்ல."

"என்னது?"

"அந்த பாட்டில். அது குழந்தைவேலுவோடது. அஞ்சு பெத்தவன். அவனுக்கே சைபர்னா என்ன அர்த்தம்? அந்த மெஷின் பொய். நாங்க மனுவுல எழுதினது நிஜம். நாளைக்கு போட்ல வெச்சு சொல்றேன் பாரு."

அக்கா செருப்பு போடும் சத்தம் கேட்டது. குழந்தைவேலு வீடு நாலு வாசல் தள்ளி. கால் மணியில் அக்கா குழந்தைவேலுவின் மனைவி செல்லத்தோடு திரும்பினார். செல்லம் அத்தைக்குக் குரல் எப்போதும் பெரிது. எங்களுக்குப் பலகைகூடத் தேவைப்படவில்லை.

"ஏன் அண்ணே, எங்க வீட்டுல ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி இருக்கே, பார்த்திருக்கீங்களா?"

"அதுக்கென்ன இப்போ?"

"அது குடும்பக் கட்டுப்பாடு கேம்ப்ல குடுத்தது. அஞ்சு போதும்னு நான்தான் போன தீபாவளிக்கு முந்தி அந்த மனுஷனை அனுப்பினேன். ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வாளியோட வந்தார். வெளிய சொன்னா கேவலம்னு வாயை மூடிக்கிட்டிருக்கார். நீங்க போய்க் கேட்டப்போ இல்லைன்னு சொல்ல முடியுமா? ஏன்னு கேட்பீங்கள்ல? டாக்டரம்மா மெஷினு சரியாத்தான் பார்த்திருக்கு அண்ணே. உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கு."

பலகைக்கு இந்தப் பக்கம் என் அப்பா தாழ்ந்த குரலில், "மனுவுல நானும் கையெழுத்து போட்டிருக்கேன்," என்றார். அம்மா, "தெரியும்," என்றாள்.

செல்லம் அத்தை போன பிறகு விசாலாட்சி அக்கா பேசினார். ஏழு வருஷத்தில் அவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

"கேளுங்க. நியாயமா பாட்டில் குடுத்திருந்தீங்கன்னா நியாயமா கையெழுத்து போட்டிருப்பேன். அது இன்னிக்கோட போச்சு. இனி கையெழுத்தும் கிடையாது, சம்மதமும் கிடையாது. வியாழக்கிழமை கப்பல்ல ஏறினீங்கன்னா நான் அழமாட்டேன். நேரா மில் ஆபீசுக்குப் போய், ஒரு பொண்டாட்டி இருக்கிறப்போ ரெண்டாவது கட்டப் போறாருன்னு எழுதிக் குடுத்துட்டு வருவேன். அதுக்கு நான் கையெழுத்து போடறேன், எத்தனை காப்பி வேணும்னாலும். உங்க வேலை போனா போகட்டும். எனக்குத் தையல் தெரியும்."

"என்னடி மிரட்டற?"

"ஆமா. என்னை ரெண்டு தடவை மேஜையில படுக்க வெச்சாங்க. கூரையைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தேன். என் மேலதான் தப்புன்னு நானும் நம்பினேன். இப்போ எனக்குத் தெரிஞ்சாகணும். பிள்ளை பிறக்குதோ பிறக்கலையோ, அது அப்புறம். யாருன்னு தெரிஞ்சாகணும். என்கிட்ட குறைன்னா தெரிஞ்சுக்கிட்டு இருப்பேன். உங்ககிட்டன்னா நீங்க தெரிஞ்சுக்கிட்டு இருங்க. வீட்டை விட்டு நான் போகமாட்டேன். பாட்டிலைக் கொதிக்க வெச்சாச்சு. இனிமே அது உங்க பாடு."

வியாழக்கிழமை காலை ஹேடோ பக்கம் கப்பல் புகை விட்டுக்கொண்டிருந்தது. எட்டரைக்குப் புறப்பாடு. பாம்பூஃப்ளாட் துறையில் அண்ணனை வழியனுப்ப மில் ஆட்கள் நாலு பேர் மாலையோடு வந்திருந்தார்கள். ஏழு பத்துக்கு விசாலாட்சி அக்கா வந்தார், கையில் குடை மட்டும். அண்ணன் பத்தடி பின்னால் வந்தார். பெட்டி இல்லை.

"மேஸ்திரி, சாமான் எங்க?" என்றார் மாலை வைத்திருந்த பன்னீர்செல்வம்.

அண்ணன் காதில் வாங்காமல் போட்டில் ஏறி, எஞ்சின் கூண்டை ஒட்டி நின்றுகொண்டார். போட்டிலேயே சூடான இடம் அதுதான். வேட்டி கசங்கும், எண்ணெய் படும் என்று ஒருநாளும் அவர் அங்கே நின்றதில்லை. வெற்றிலை போடவில்லை. வலது கை விலாவோடு ஒட்டியிருந்தது.

பன்னீர்செல்வம் பார்த்தார். அறுபது பேரும் பார்த்தோம். பன்னீர்செல்வத்தின் வாய் ஒரு ஹாஸ்யத்துக்காகத் திறந்தது. விசாலாட்சி அக்கா குடையை ஊன்றிக்கொண்டு அவரை நேராகப் பார்த்தார். பன்னீர்செல்வத்துக்கும் கல்யாணமாகி நாலு வருஷம், வீட்டில் இன்னும் தொட்டில் கட்டவில்லை. வாய் மூடிக்கொண்டது. மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் சுற்றிக்கொண்டே வந்தார்.

நடுக்கடலில் எஞ்சின் ஒரு முறை இருமி நின்றது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். டிரைவர் ஏதோ தட்டியதும் மறுபடி ஓடியது.

"மணி என்ன காலேஜு?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"ஏழு இருபத்தெட்டுண்ணே."

"பஸ் நிக்குமா?"

"நிக்கும்ணே."

ஹேடோவில் கப்பல் ஊதியது. போட்டில் இருந்த எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை, சாத்தாம் துறையையே பார்த்துக்கொண்டிருந்தார். கரை சேர்ந்ததும் விசாலாட்சி அக்கா முதலில் இறங்கி, பஸ்ஸை நிறுத்தப் படியேறிப் போனார். அலை சற்று அதிகம். துறையில் கயிறு பிடித்து நின்ற கலாசி வழக்கம்போல ஆட்களை ஏற்றிவிட வலது கையை நீட்டினான்.

எங்கள் மேஸ்திரி இடது கையைக் கொடுத்தார்.